உறியில் தொங்கும் சைக்கிள்

எமது இளமைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடொன்றிற்குள் நுழைபவர் எவரும் வீட்டுத் தலைவரைக் காண்பதற்கு முன்பே அவருடைய சைக்கிளைக் கண்டுவிடுவர். விறாந்தைச் சுவரில் அது சாய்ந்து நிற்கும். ஹாண்டிலின் ஒரு பக்கத்தில் உமலோ துணிப்பையோ தொங்கும். ஆண்டாண்டு காலமாக ஒரே இடத்தில் சாய்ந்து நின்றமையால் சுண்ணாம்புச் சுவரிலே கைப்பிடியின் கரிய தழும்பொன்று பதிந்திருக்கும். சைக்கிள் நின்றால் ஆள் வீட்டில் இருக்கின்றார். நில்லாவிட்டால் கூப்பிட்டுப் பயனில்லை. அழைப்பு மணி இல்லாத அக்காலத்தில் அதுவே எமக்கு அழைப்பு மணி.

சைக்கிளை எங்கே வைப்பது என்பது அந்நாளில் ஒரு வினாவாகவே எழுந்ததில்லை. இன்று வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தொடர்மாடிகளிற் குடியிருக்கும் எம்மவர்க்கு அஃது அன்றாட வினாவாகிவிட்டது. பழைய பாணியில் அமைந்த பெரிய சைக்கிள் ஒன்று ஏறக்குறைய ஆறடி நீளமும், ஹாண்டிலின் அளவில் இரண்டடி அகலமும் உடையது. ஆகவே பன்னிரண்டு சதுர அடி நிலத்தை அது தன்னுடையதாக்கிக் கொள்கின்றது. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. இருபத்திரண்டு சைக்கிள்களை நிறுத்தினால் ஒரு பேர்ச் நிலம் நிறைந்துவிடும். கொழும்பில் ஒரு பேர்ச் காணியின் விலையை அறிந்த நேயர்கள், தம் வீட்டு நடையில் நிற்கும் சைக்கிள் எவ்வளவு பெறுமதியான இடத்தை அடைத்துக் கொண்டிருக்கின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாமும் கணக்கிட்டோம், வீட்டிற் சொல்லவில்லை.

இருந்தும் சைக்கிளைக் கைவிட எவருக்கும் மனம் வருவதில்லை. 1990ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இன்றி, யாழ்ப்பாணக் குடாநாடு பெரும்பாலும் சைக்கிளையே நம்பி வாழ்ந்தது. விறகும் நெல் மூடையும் நோயாளியும் அதிலேயே சென்றனர். மின்சாரமில்லாத இரவுகளில் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கின்றனர். பின்னர் 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாடு முழுவதும் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது, தெற்கிலும் அதே பாடம் கற்பிக்கப்பட்டது. கழுத்துப்பட்டி அணிந்த கனவான்கள் காலி வீதியில் மூச்சிரைக்கச் சைக்கிள் மிதித்துச் சென்றதை நாம் கண்டோம். சைக்கிளின் விலையும் எட்டாத உயரத்திற்கு ஏறிற்று. பெற்றோல் மீண்டும் வந்தது; சைக்கிள்களோ நடைகளிலும் படுக்கையறை மூலைகளிலும் தங்கிவிட்டன. மறுபடியும் ஒரு நாள் வேண்டியிருக்கும் என்ற எண்ணம் அவற்றைக் காத்து நிற்கின்றது.

வெள்ளவத்தையில் எமது நண்பர் ஒருவரின் வீடும் அத்தகையதே. மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறைகள், வாயிலிலிருந்து சமையலறை வரை செல்லும் ஒடுங்கிய நடை. அந்நடையில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒன்று நண்பருடைய தந்தையாரின் பழைய றலி. ஓய்வுபெற்ற தபாலதிபரான அவர், மனைவியார் காலமான பின்பு மகனுடன் வசிப்பதற்காகக் கொழும்புக்கு வந்தபோது, இரண்டு பெட்டிகளையும் இந்தச் சைக்கிளையுமே கொண்டுவந்தார். மற்றையது, 2022இல் நண்பர் அதிக விலை கொடுத்து வாங்கிய, கியர் பூட்டிய புதிய சைக்கிள்.

சென்ற ஆண்டு நாம் அங்கே சென்றபோது நடை விசாலமாய்த் தோன்றிற்று. அண்ணாந்து பார்த்தோம். றலி சுவரில் ஏறியிருந்தது! தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில் இரண்டு இரும்புக் கரங்கள் சுவரோடு பொருத்தப்பட்டிருந்தன. கரங்களுக்கு றப்பர் உறை. அவற்றின் மேல் சைக்கிளின் குறுக்குக் குழாய் அமர்ந்திருந்தது. சில்லுகளுக்குக் கீழே நாலரை அடிக்கு மேலான வெளி. அதிலே செருப்புத் தட்டும் பேரப்பிள்ளையின் படிப்பு மேசையும் இடம்பிடித்திருந்தன. புதிய சைக்கிளை ஏன் ஏற்றவில்லை என்று வினவினோம். அதன் குழாய் சரிவாக அமைந்திருப்பதால் கரங்களில் நில்லாது சறுக்குகின்றதென்றும், றலியின் குழாய் மட்டமாக இருப்பதால் அளவெடுத்துச் செய்ததுபோற் பொருந்திற்றென்றும் நண்பர் விளக்கினார். நாம் மனமாரப் பாராட்டினோம். அளவுகளைக் குறித்துக் கொண்டோம். ஐயா கதிரையில் அமர்ந்து பத்திரிகை வாசித்துக் கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கூறவில்லை.

வீடு திரும்பியதும் நாமும் அவ்வாறே செய்ய முனைந்தோம். துளையிட்டு, செருகியை நுழைத்து, திருகாணியை முடுக்கி, கரங்களைப் பொருத்தி, சைக்கிளை ஏற்றி வைத்து, வீட்டாரை அழைத்துக் காட்டினோம். மூன்று நாட்கள் அது கம்பீரமாகத் தொங்கிற்று. நான்காம் நாள் நள்ளிரவில் வீடே அதிரும்படி ஓர் ஓசை. ஓடிச்சென்று பார்க்கையில், கரமொன்று சீமெந்துப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. சைக்கிள் நிலத்திற் கிடந்தது. அதனடியில் ஒரு பாய். அன்று பிற்பகல் அந்தப் பாயிலேதான் எமது பேத்தி நித்திரை செய்தாள். வீட்டார் எம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாம் செய்த தவறு யாது? நண்பரின் கரங்களை அளந்த நாம் அவருடைய சுவரை அளக்கவில்லை. அவர் பொருத்திய இடம் கொங்கிறீற்றுத் தூணும் வளையும் கூடும் இடம். எமது வீட்டுச் சுவரோ உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லால் ஆனது. ஆணி சுவரிலே எவ்வாறு நிற்கின்றது என்பதை நாம் ஒருபோதும் சிந்தித்ததில்லை. முற்காலத்தில் மேசன்மார் சுவரிற் குழி செதுக்கி, மரத்துண்டொன்றை அடித்திறுக்கி, அதிலே ஆணி அறைவர். 1911ஆம் ஆண்டளவில் இங்கிலாந்துக் கட்டட ஒப்பந்தகாரரான ஜோன் ஜோசப் றோலிங்ஸ் என்பவர், நாரினாற் செய்த சிறு செருகி ஒன்றை ஆக்கினார். எமது கடைகளில் றோல் பிளக் என்று நாம் கேட்டு வாங்குவது அவருடைய பெயரால் வந்ததே. 1958இல் ஜேர்மனியரான ஆர்த்தர் பிஷர் நைலோன் செருகியை அமைத்தார். இவை யாவற்றிற்கும் தத்துவம் ஒன்றே. திருகாணி உள்ளே செல்லச் செல்லச் செருகி விரிகின்றது. விரிந்து துளையின் சுவர்களை நெருக்குகின்றது. அந்த நெருக்கமே பிடிமானம். நெருக்குவதற்குத் திண்ணிய பொருள் வேண்டும். பொந்துக் கல்லில் ஓரங்குல ஓட்டைக் கடந்ததும் வெறும் வெளி. செருகி அங்கே எதனை நெருக்கும்?

சுவரின் தன்மையை அறிதல் அரிதன்று. விரல் மொழியால் தட்டிப் பார்த்தால் திண்ணிய சுவர் மந்தமாகவும், பொந்துச் சுவர் பறையைப் போலவும் ஒலிக்கும். துளையிடும்போது வெளிவரும் தூளும் சாட்சி சொல்லும். முதலில் வருவது பூச்சின் தூள்; அதனைக் கடந்தபின் செந்தூள் வந்தால் செங்கல்; நரைத்த தூள் வந்து, திடீரெனத் துளைகருவி உள்ளே விழுந்தால் பொந்துக் கல், உடனே நிறுத்திவிடல் வேண்டும். பூச்சு முக்கால் அங்குலம் இருக்கும். அதற்குச் சுமை தாங்கும் வலுவில்லை. கல்லும் கல்லும் சேரும் சாந்தும் பலவீனமானதே. துளைக்குள் தங்கிய தூளை ஊதி அகற்றாவிட்டால் செருகி தூளைத்தான் பற்றும். வடக்கிலுள்ள பழைய வீடுகளிற் சுண்ணாம்புச் சாந்து இன்னும் இளகியது. அங்கே பழைய மேசனின் மரத்துண்டே மேல் என்போம், கறையான் அதைத் தேடி வராத வரையில்.

சைக்கிளின் பாரம் இருபது கிலோ தானே, ஆணி இருபது கிலோவைத் தாங்காதா என்று கேட்பர். துலா மிதித்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சைக்கிளின் பாரம் சுவரோடு ஒட்டி இறங்குவதன்று. ஹாண்டிலுக்கு இடம் விடுவதற்காகச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இறங்குகின்றது. கரத்தின் அடித்தட்டு நாலங்குல உயரமாயின், மேல் ஆணியை வெளியே இழுக்கும் விசை, பாரத்தைப்போல் மும்மடங்கு. அதாவது அறுபது கிலோ. இரு கரங்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றிற்கும் முப்பது. ஏற்றும் அவசரத்தில் ‘தொப்’பென்று வைத்தால் அதனிலும் அதிகம். அடித்தட்டு உயரமாக உள்ள கரத்தைத் தெரிந்தால் இந்த இழுவை குறையும். எட்டங்குலத் தட்டாயின் பாதி. கடையில் எவரும் இதைச் சொல்லித் தருவதில்லை. அழகான நிறத்தில் இருக்கின்றதா என்பதையே காட்டுகின்றனர். பொந்துச் சுவர்தான் விதியென்றால், கொங்கிறீற்று வளையைத் தேடிப் பொருத்தலாம். அல்லது சுவரை ஊடறுத்து மறுபுறத்தில் இரும்புத் தகடு வைத்து முடுக்கலாம். வாடகை வீடாயின் இவை எவற்றிற்கும் வீட்டுக்காரர் சம்மதியார். தரைக்கும் தட்டுக்கும் இடையே நெருக்கி நிறுத்தும் கம்பமே அவர்களுக்கு ஏற்றது.

நிற்க. ஆணியைப்பற்றி இவ்வளவு கற்றபின், நாம் பெருமையுடன் நண்பரைக் காணச் சென்றோம். றலி முன்போலவே தொங்கியது. ஆனால் அதன் ஆசனத்தில் தூசி படிந்திருந்தது. முன்சில்லுக் கம்பிகளுக்கிடையில் சிலந்தி ஒன்று வலை பின்னியிருந்தது.

ஐயா நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு, வீதியில் வாகனங்கள் பெருகுவதற்கு முன், றலியை லிப்டில் இறக்கிக்கொண்டு கடற்கரை வீதி வழியே சென்று, சந்தையில் கீரையும் பத்திரிகையும் வாங்கி வருபவர். எழுபத்து மூன்று வயதிலும் அவ்வழக்கம் மாறவில்லை. சைக்கிள் ஓடுவதில்லையா என வினவினோம்.

“இப்ப நடக்கிறதுதான் உடம்புக்கு நல்லதெண்டு சொல்லுகினம்” என்றார்.

தேநீர் கொண்டுவந்த மருமகளார், ஐயா உள்ளே சென்றபின், மெல்லிய குரலில் உண்மையைக் கூறினார். “மாமா ஒரு மாதமாச் சந்தைப் பக்கமே போகேல்லை. முதல் ரெண்டு கிழமையும், ‘தம்பி, அதை ஒருக்கா இறக்கித் தாறியோ’ எண்டு இவரைக் கேட்டவர். இவர் நித்திரையால எழும்பி இறக்கிக் குடுப்பார். ஒருநாள், ‘பின்னேரம் பாப்பம் ஐயா’ எண்டு சொல்லிப்போட்டார். அதுக்குப் பிறகு மாமா கேட்கேல்லை.”

நண்பர் தலை குனிந்திருந்தார். நாமும் அவ்வாறே. அந்தத் தாங்கியைப் புகழ்ந்தவர்களுள் நாம் முதல்வரன்றோ!

பொருள்களை உயரத்தில் வைப்பது எமக்குப் புதிய கலையன்று. தொட்டிலும் ஏணையும் வளையிலே தொங்கின. ஏணியைத் தாழ்வாரத்துக் கொளுக்கிகளில் படுக்கப்போட்டோம். இவை யாவற்றிலும் உறியும் பரணுமே எமக்குப் பாடம். தயிர்ச்சட்டி உறியில் தொங்கும். பூனைக்கு எட்டாது, ஆச்சியின் கைக்கு எட்டும். கயிற்றின் நீளத்தை ஆச்சியின் கையே தீர்மானித்தது. பரணில் இருப்பவையோ பொங்கற் பானை, கலியாணத்துக்குரிய பெருங்கிடாரம், விதை நெல். ஆண்டில் ஓரிரு முறை ஏணி வைத்து ஏறுவோம். தயிர்ச்சட்டியைப் பரணில் வைத்த வீடு ஒன்றையேனும் நாம் கண்டதில்லை. சைக்கிளைச் சுவரில் ஏற்றுவதற்கு முன் நாம் கேட்டிருக்க வேண்டியது, இஃது உறிக்குரியதா பரணுக்குரியதா என்பதே. நண்பரின் வீட்டில் நாள்தோறும் ஓடிய சைக்கிள் பரணேறிற்று. மாதக்கணக்காக ஓடாத சைக்கிள் நடையில் நின்றது. குழாய் மட்டமாக இருந்ததும் சரிவாக இருந்ததுமே அதற்குக் காரணம்!

சைக்கிளே வாழ்வாக உள்ள நாட்டார் இதனை நன்கு உணர்ந்துள்ளனர். ஒல்லாந்து என்று எமது முன்னோர் வழங்கிய நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரப் புகையிரத நிலையத்தருகே நிலத்தடியில் மூன்று தளங்கள் கொண்ட சைக்கிள் தரிப்பிடம் ஒன்று 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 12,500 சைக்கிள்கள் அங்கே ஈரடுக்காக நிற்கின்றன. மேலடுக்கில் வைப்பவர் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்குவதில்லை. மேல்தட்டு வெளியே இழுபட்டுச் சாய்ந்து அவரிடம் இறங்கி வருகின்றது. முன்சில்லை அதிலே ஏற்றி உருட்டிவிட்டுத் தட்டை உயர்த்தித் தள்ளினால் அது தன்னிடம் போய்ச் சேரும். அந்தத் தட்டை எமது வீட்டு நடையிற் பொருத்த இயலாது. ஆயினும் உயரம் மனிதனிடம் இறங்கி வரவேண்டும் என்ற எண்ணத்தை இரவல் வாங்கலாம்.

அதற்கு எமது கிணற்றடியில் உள்ள கப்பியே போதும். தட்டின் கொங்கிறீற்றில் உறுதியாகப் பொருத்திய கப்பிகள், ஹாண்டிலையும் ஆசனத்தையும் பற்றும் இரண்டு கொக்கிகள், ஒரு கயிறு. கொக்கியோடு அசையும் கப்பியும் சேர்ந்தால் இருபது கிலோ கைக்குப் பத்துக் கிலோவாகத் தோன்றும். கயிறு முற்றாக இறங்கும்வரை கையை விடக்கூடாது. தொங்கும்போது கட்டையில் இருமுறை சுற்றிக் கட்டவேண்டும். சிறுவர்க்கு எட்டாத உயரத்திற் கட்டவேண்டும். சுவரில் முன்சில்லை மட்டும் கொளுவித் தொங்கவிடும் கொக்கியும் உண்டு. பின்சில்லை நிலத்தில் ஊன்றிச் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினால் பாதிப் பாரத்தையே தூக்கவேண்டியிருக்கும். ஆனால் அது மட்கார்ட் இல்லாத இலேசான சைக்கிளுக்கே பொருந்தும். பழைய றலியையோ ஹம்பரையோ அவ்வாறு நிமிர்த்தினால் பின் மட்கார்ட் நிலத்தில் ஊன்றி வளைந்துவிடும். மேலும், அவ்வாறு தொங்கும் சைக்கிள் சுவரிலிருந்து மூன்றடிக்கு மேல் வெளியே நீட்டி நிற்கும். ஒடுங்கிய நடைக்கு அஃது ஆகாது, மூலைக்கு ஆகும். பெண்பிள்ளைகளின் சைக்கிளுக்குக் குறுக்குக் குழாயே இல்லை. பள்ளிக்கூடம் செல்லும் மகளின் சைக்கிளை ஏற்ற விரும்பும் பெற்றோர், இரு கரங்களை வாங்கிவந்து ஏமாற வேண்டாம்.

நண்பர் மறு வாரமே வேலையைத் தொடங்கினார். புதிய சைக்கிளை நிமிர்த்திச் சுவரோடு வைத்து, முன்சில்லின் உயரத்தைப் பென்சிலாற் குறித்து, அதற்கு இரண்டங்குலம் மேலே கொக்கியைப் பொருத்தினார். இடம், பல்கனியின் மூலை. தூண் என்பதைத் தட்டிப் பார்த்து உறுதி செய்தது நாமே. கடற்காற்றுக்குச் செயின் துருப்பிடிக்காதிருக்க ஒரு துணி உறையும் போட்டார். நடையிலிருந்த இரும்புக் கரங்கள் கழற்றப்படவில்லை; அவற்றின்மேல் ஒரு பலகை வைத்து, கட்டிலின் கீழிருந்த பயணப் பெட்டிகளையும் பேரனின் பழைய தொட்டிலையும் கட்டி வைத்தனர். றலி தரைக்கு வந்தது. படிப்பு மேசை சற்று நகர்ந்தது. செருப்புத் தட்டு வாயிலுக்கு வெளியே போயிற்று. நடை மீண்டும் ஒடுங்கிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. இடுப்பைத் திருப்பிக்கொண்டே உள்ளே செல்ல வேண்டியிருக்கின்றது.

சென்ற ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே சென்றோம். புதிதாக வெள்ளையடித்த சுவரில் கைப்பிடி உரசிய கறுப்புத் தழும்பு ஒன்று விழுந்திருப்பதை மருமகளார் காட்டி முறையிட்டார். சைக்கிளைக் காணவில்லை. ஆகவே ஐயாவைக் கூப்பிடாமலே கதிரையை இழுத்துப்போட்டுக் காத்திருந்தோம்.